அடுத்த மாடல் வரட்டும்

என் அக்கா செலினின் கணவர் சட்டைப்பையில் பேனா வைத்துக்கொள்ள மாட்டார். காது குடைகிற வெள்ளிக் குச்சி ஒன்று வைத்திருப்பார். பாட்டுக் கேட்க உட்காரும் முன் அதை எடுத்து இரண்டு காதுகளையும் நிதானமாகக் குடைவார். நுனியில் வந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பிறகு கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும், "காதைச் சுத்தமா வச்சுக்காம மெஷினைக் குறை சொல்லக் கூடாதுங்க" என்பார். அந்தக் கைக்குட்டையைத் துவைப்பது அக்காவின் வேலை. நான் அவரை மச்சான் என்று கூப்பிட்டேன். அவர் என்னை மாப்பிள என்பார். இங்கேயும் மச்சான் என்றே எழுதுகிறேன். பெயரை எழுதக் கை வரவில்லை.

மஸ்கட்டில் ஒரு எண்ணெய்க் கம்பெனியில் பல வருஷம் என்ஜினீயராக இருந்துவிட்டுத் திரும்பியவர். புதுக்கோட்டையில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு கட்டினார். அதற்கப்புறம் வேலைக்குப் போகவில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. வீட்டில் இருந்துகொண்டு இசைத்தட்டுக் கேட்பதுதான் அவருடைய வேலை. அந்தக் கால கிராமபோன் பெட்டியை நினைத்துக்கொள்ளக் கூடாது. கனத்த சுழலும் தட்டு, அதன்மேல் ஊசியைத் தாங்கி நிற்கிற மெல்லிய கை, ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், இவற்றை இணைக்கிற பாம்பு தடிமன் வயர்கள் என்று எல்லாமே வெளிநாட்டிலிருந்து வந்தவை.

எனக்கும் பழைய பாட்டு என்றால் உயிர். அதனால் முதல் தடவை கூப்பிட்டபோது கீரனூரிலிருந்து பஸ் ஏறி ஆசையாகப் போனேன். ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டார். ஊசி தட்டில் இறங்கும்போது அவர் நாக்கின் நுனி உதட்டுக்கு வெளியே வந்து ஈரமாக நின்றது. பாட்டு ஆரம்பித்தது. பல்லவி முடிந்து புல்லாங்குழல் வந்தது. நான் கண்ணை மூடினேன். சட்டென்று சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தால் ஊசியைத் தூக்கிக் கையில் பிடித்திருக்கிறார்.

"கேட்டீங்களா மாப்பிள?"

"அருமையான பாட்டு மச்சான்."

"பாட்டை விடுங்க. புல்லாங்குழல் வாசிக்கிற ஆளு மூச்சு இழுக்குறது கேட்டுச்சா?"

"கேக்கலையே."

"கேக்காது. இந்த மெஷின்ல அவ்வளவுதான் வரும். அடுத்த மாடல் வரட்டும், அப்பப் பாருங்க."

நான் சரணத்துக்காகக் காத்திருந்தேன். அவர் வேறு தட்டை எடுத்துவிட்டார். அந்த வீட்டுக்குப் போய்வந்த வருஷங்களில் ஒரு பாட்டைக்கூட நான் கடைசி வரை கேட்டதில்லை.

அவருக்கு வந்து சேர்ந்த பொருள் எதுவும் பிடிக்காது. வரப்போகிற பொருள்தான் பிடிக்கும். கம்பெனிக்காரன் புது மாடலை அறிவித்துவிட்டால் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்துவிடும். செல்போனில் அதன் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டுவார். அது வந்து சேர்ந்ததும் சில வாரம் தடவிக்கொண்டிருப்பார். பிறகு அதிலும் ஒரு குறை தெரியும். ரெண்டு வருஷம் காத்திருந்து வாங்கியதைத் 'தகர டப்பா' என்று நாலு பேர் முன்னால் சொல்லுவார். அந்தச் சொல்லில் அப்படி ஒரு ருசி இருக்கும் அவருக்கு.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் கோயம்புத்தூரில் காலேஜ் சேர்ந்த மாதமே அவளுடைய அறையைக் காலி செய்தார். ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார். சுவர் முழுக்க ரப்பர் பஞ்சு ஒட்டினார். அது வெயில் காலத்தில் பழைய செருப்புக் கடை மாதிரி நாறும். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த பெண் பையோடு வாசலில் நின்று, "அப்பா, என் ரூம்?" என்று கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"அது இனிமே ரூம் இல்லம்மா. நீ ஹால்ல படுத்துக்க. காத்து நல்லா வரும்."

அவள் பையை ஹால் சுவரோரம் வைத்தாள். அதற்கப்புறம் லீவுக்கு வருவது குறைந்துபோனது. ஹாஸ்டலிலேயே ஏதோ வகுப்பு இருக்கிறது என்பாள். அக்கா என்னிடம் அதைச் சொல்லும்போது, "பிள்ளைக்குப் படிப்பு ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்ப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அக்கா வீடு திரும்புவதற்குள் அவருடைய கூட்டம் வந்துவிடும். எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்கள். திருச்சியிலிருந்து ஒரு பல் டாக்டர், காரைக்குடியிலிருந்து ஒரு ஜவுளிக்கடைக்காரர், அன்னவாசலிலிருந்து சுப்பையா என்கிற போர்வெல் காண்ட்ராக்டர், இன்னும் சிலர். அந்த அறையில் ஏசி உண்டு. ஆனால் தட்டு சுழலும்போது ஏசியின் இரைச்சல் ஆகாது. ஃபேனும் ஆகாது. கதவைச் சாத்திவிட்டால், சித்திரை வெயிலில் ஆண்கள் எல்லோரும் வியர்வை வழிய, சட்டை முதுகோடு ஒட்ட, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பஞ்சு நாற்றமும், வியர்வையும், தட்டைத் துடைக்க அவர் வைத்திருக்கும் ஸ்பிரிட் வாடையும் சேர்ந்து எனக்கு நெஞ்சைப் புரட்டும். வெளியே அக்கா மிக்ஸி போடக்கூடாது. குக்கர் வைக்கக்கூடாது. டீ கொண்டுவந்தால் ஸ்பூன் இருக்கக்கூடாது, டம்ளரில் தட்டும் என்பதால். சர்க்கரையைக் கரைத்தே கொண்டுவர வேண்டும். அவள் கொலுசைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, டீத் தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் தன் வீட்டிலேயே திருட வந்தவள் மாதிரி இருக்கும்.

அங்கே யாரும் பாட்டைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. சுப்பையா மட்டும் எப்போதாவது, "சார், இது எங்க கல்யாணத்துல போட்ட பாட்டு" என்று ஆரம்பிப்பார். மச்சான் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அடிச்சத்தம், அந்த பாஸ், கொஞ்சம் கொழகொழன்னு இருக்கு, கவனிச்சீங்களா?" என்று பல் டாக்டரைக் கேட்பார்.

பிறகுதான் அந்தப் பெரிய அறிவிப்பு வந்தது. அவர் வைத்திருந்த மாடலையே மேம்படுத்தி, கனம் கூடிய தட்டும், புது விதமான கையும், தனியே நிற்கிற மோட்டாருமாகக் கம்பெனி கொண்டுவரப்போவதாக. மச்சான் அன்றைக்கே பெயரைப் பதிந்தார். மறுவாரமே வீட்டில் இருந்ததை விற்றுவிட்டார். "அது வர்ற வரைக்கும் எதுல கேப்பீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"கேக்க வேண்டாம். காது கொஞ்ச நாள் பட்டினி கிடக்கட்டும். அப்பத்தான் புதுசுல வித்தியாசம் தெரியும்."

சும்மா இருக்கவில்லை. அந்த அறையின் தரையை உடைத்துப் பள்ளம் தோண்டினார். பூமிக்குள்ளிருந்து தூண் எழுப்பி, அதன்மேல் குவாரியில் சொல்லிவைத்து அறுத்த கருங்கல் பலகை ஒன்றைப் பதித்தார். வீட்டில் யார் நடந்தாலும் அதிர்வு மெஷினுக்கு ஏறக்கூடாதாம். அக்கா வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசியைக் கூட்டிக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் மட்டும் நிற்கவில்லை. ஆண்கள் வந்து உட்கார்ந்து, அந்த வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு, வரப்போகிற மெஷினைப் பற்றிப் பேசிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். மச்சானை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

ஒருநாள் ஹாலுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்திருந்தார்கள். அக்கா மாதா சுரூபத்தைப் பீடத்திலிருந்து எடுத்து, சுண்ணாம்பு தெறிக்காத இடம் தேடி, அந்தக் கல்லின்மேல் கொண்டுபோய் வைத்தாள். மச்சான் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. சுரூபத்தைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஹால் தரையில் வைத்தார். பிறகு ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, அது நின்ற இடத்தை மட்டும் மூன்று தடவை துடைத்தார். அக்கா கீழே குனிந்து சுரூபத்தை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்து, "பிசுக்கு" என்றார். அன்றைக்கு அந்த வீட்டுத் தண்ணீர்கூட எனக்கு இறங்கவில்லை.

எங்கள் அம்மா ஆவூரில் தனியாக இருந்தாள். கோயிலைத் தாண்டி வயல்களுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா இறந்த பிறகும் அவள் அங்கிருந்து நகரவில்லை. பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். பெரிய குரல். வயலின் அந்தக் கரையில் நிற்கிற ஆளை வீட்டு வாசலிலிருந்தே கூப்பிடுவாள். அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருக்கிறது, குரல் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அப்படியே ஆயிற்று. அதற்கப்புறம் அம்மா பேசினால் காற்றுதான் வரும். பக்கத்தில் போய்க் காது கொடுத்தால் அந்தக் காற்றில் சொல் தெரியும்.

அம்மாவிடம் ஒரு சின்ன இசைத்தட்டு இருந்தது. அவள் கல்யாணத்துக்கு முன்னால், ஊர்க் கோயில் பாடகர் குழுவைப் பங்குச் சாமியார் மெட்ராசுக்கு ரயிலில் கூட்டிப்போய்ப் பதிவு செய்தது. அதில் ஒரு பாட்டில் ஒரு சரணத்தை அம்மா தனியாகப் பாடியிருக்கிறாள். சாமியார் வீட்டில் இருந்த மெஷினில் அந்தக் காலத்தில் போட்டுக் கேட்டதோடு சரி. அது கெட்டுப்போன பிறகு ஊரில் யாரிடமும் மெஷின் இல்லை. தட்டு மட்டும் அம்மாவின் பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் அம்மா புதுக்கோட்டையில் அக்கா வீட்டில் இருந்தாள். அக்காவுக்கு அப்போதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. நான்தான் ஆவூருக்குப் போய் எடுத்துவந்தேன். மச்சான் அதை உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"புதுசு வரட்டும் அத்தை. அதுல போட்டுக் காட்டுறேன்."

"எப்பங்க வரும்?" என்று அக்கா கேட்டாள்.

"கப்பல் ஏறணும், கஸ்டம்ஸ் தாண்டணும். அவசரப்பட்டா முடியுமா?"

நான், "சுப்பையா வீட்டுல ஒரு மெஷின் இருக்குங்களே மச்சான், அதுல ஒருவாட்டி போட்டுறலாமே" என்றேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவன் வச்சிருக்கிறது ஊசியா மாப்பிள? ஆணி. அதுல ஒருதடவை ஓடினா உழுது போட்ட மாதிரி ஆயிரும். உங்க அம்மா குரலை உழுதுட்டு வரணுமா?"

அதைக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் குனிந்தேன். "மருமகன் சொல்றது சரிதான். இருக்கட்டும், மெதுவாக் கேப்போம்" என்றாள். மச்சான் தட்டை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

மாதங்கள் போயின. அம்மா ஆவூருக்குத் திரும்பிவிட்டாள். ஒவ்வொரு தடவை நான் அவளைப் பார்க்கப் போகும்போதும், "வந்துருச்சாமா?" என்று கேட்பாள். நான் மச்சானுக்குப் போன் செய்வேன். மெஷினின் சுழலும் தட்டின் கனத்தை இன்னும் கூட்டுகிறார்களாம், அதனால் தாமதமாம். அதை அவர் சொல்லும் குரலில் வருத்தமே இருக்காது. பிள்ளை வயிற்றில் வளர்கிறது என்று சொல்கிற மாதிரி இருக்கும்.

கடைசியில் வந்தது. மரப்பெட்டியை இறக்குவதற்கு முன் வீடு முழுக்க ஈரத்துணி போடச் சொன்னார். அக்காவைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். பெட்டியைத் திறந்தபோது அவளை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார், தலைமுடி உதிரும் என்று. அதை மாட்டி, மட்டம் பார்த்து, ஊசியின் கோணம் திருத்தி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வரச் சொன்னார். அம்மாவைக் கூட்டிவரும்படி அக்கா எனக்குச் சொன்னாள்.

அம்மா பட்டுச் சேலை கட்டிக்கொண்டாள். கழுத்துத் தழும்பு தெரியாமல் முந்தானையைச் சுற்றிப் போட்டிருந்தாள். காலையிலேயே போய்விட்டோம். உள்ளே ஆண்கள் இருந்தார்கள். அம்மாவை ஹாலில் உட்காரச் சொன்னார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் மணியோசை, கண்ணாடி உடைகிற சத்தம், ரயில் போகிற சத்தம் என்று மாறி மாறி மந்தமாக வந்தது. சோதிப்பதற்கென்றே இருக்கிற தட்டுகள். அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அந்தக் கதவையே பார்த்திருந்தாள். மத்தியானம் ஆகிவிட்டது. அக்கா இரண்டு தடவை கதவைத் தட்டிய பிறகுதான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அந்தப் புழுக்கத்தில் அவள் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். மச்சான் சின்னத் தட்டை எடுத்துப் பூதக்கண்ணாடி வழியாகப் பல் டாக்டருக்குக் காட்டினார். "கோயில்காரங்க போட்டது. எப்படி அச்சடிச்சிருக்கான் பாருங்க, குப்பை." டாக்டர் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்களுக்குப் பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஊசி இறங்கியது. முதலில் எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி சத்தம். பிறகு ஆர்மோனியம். பிறகு பெண்கள் கூட்டமாகப் பாடினார்கள். அம்மாவின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் சரணம் குழுவாகப் பாடினார்கள். திரும்பப் பல்லவி. ஆர்மோனியம் தனியே கொஞ்ச தூரம் ஓடியது. அம்மா என் பக்கம் குனிந்து, "இதுக்கடுத்து நான்தான்" என்றாள்.

சத்தம் நின்றது. மச்சான் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"கேட்டீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்து விரலை உயர்த்தினார். "பழைய மெஷின்ல இந்த அழுக்கு இவ்வளவு தெளிவா வராது. ஒவ்வொரு தூசியும் தனித்தனியாக் கேக்குது. இதுதான் மெஷின்."

சுப்பையா எழுந்தார். "சார், ஓடட்டுமே. அம்மா கேக்க வந்திருக்காங்க."

"அதுக்கு மேல ஓட்டினா ஊசி போயிரும்."

"அம்மா பாடுற இடம் இன்னும் வரலைங்க. இப்பத்தான் வரப்போகுது" என்றாள் அக்கா. அந்த அறைக்குள் அவள் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

மச்சான் அம்மாவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். "அத்தை, இதைக் கழுவி எடுக்க ஒரு மெஷின் வருது. நான் சொல்லி வச்சிருக்கேன். அது வரட்டும். கழுவிட்டுப் போட்டா நீங்க பக்கத்துல நின்னு பாடுற மாதிரி இருக்கும்."

அம்மா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளை மாதிரி, முந்தானையைக் கழுத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

அக்கா நேரே அந்தக் கல்லிடம் போனாள். சுழன்றுகொண்டிருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி, சின்னத் தட்டை எடுத்தாள். மச்சான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். "விரல் வைக்காதடி, விரல் வைக்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். வாயோரம் எச்சில் கட்டியிருந்தது. நான் அவர் கையைப் பிடித்து விலக்கினேன். அவர் அக்காவைப் பார்க்கவில்லை. குனிந்து, மெஷினின் தட்டில் அவள் விரல் பட்ட இடத்தை வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தார். பல் டாக்டரும் அவரோடு சேர்ந்து குனிந்து பார்த்தார்.

சின்னத் தட்டோடு சுப்பையாவின் காரில் ஏறினோம். யாரும் எங்கே என்று கேட்கவில்லை. அவர் அன்னவாசலில் தன் வீட்டு முன்னால் நிறுத்தினார். அவர் மனைவி டிவியை அணைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார். டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் ஒரு துணியால் மூடி அந்த மெஷின் இருந்தது. ஃபேன் கடகடவென்று ஓடியது. வெளியே ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். சுப்பையா தட்டை வைத்து, ஊசியைத் தொட்டு இறக்கினார்.

அந்தப் பொரிகிற சத்தம், ஆர்மோனியம், பெண்கள். பிறகு ஒரு குரல் தனியே எழுந்தது. அது எங்களுக்குத் தெரிந்த அம்மாவின் குரல் இல்லை. மெல்லிய குரல், பயந்த குரல், ஆனால் போகப் போகப் பயம் விட்டு மேலே ஏறியது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன. பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் கரகரத்துக்கொண்டிருந்தது.

அம்மா என்னை இழுத்து, "நடுவுல ஒரு இடத்துல மூச்சு விட்டுட்டேன். சாமியார் திட்டினாரு" என்றாள்.

"இன்னொரு வாட்டி போடவாம்மா?" என்றார் சுப்பையா. அம்மா வேகமாகத் தலையாட்டினாள். திரும்பத் திரும்பக் கேட்டோம். தட்டு ஒன்றும் உழுதுபோகவில்லை.

அக்கா புதுக்கோட்டைக்குத் திரும்பவில்லை. என் மனைவி குவைத்தில் நர்ஸ், கீரனூர் வீட்டில் நான் ஒருவன்தான். அம்மாவும் அக்காவும் என்னோடு தங்கினார்கள். மச்சான் ஒருதடவை எனக்குப் போன் செய்தார். அக்காவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "சுப்பையா வீட்டுல போட்டீங்களாமே. இனி அந்தத் தட்டு குப்பைதான் மாப்பிள, என்கிட்ட கொண்டுவராதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் செல்போனைச் சட்டையில் துடைத்தேன்.

மழை விட்ட ஒரு மாலையில் அவர் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவள் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது. பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. இவ்வளவுக்கும் பிறகு அவர் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவாள் என்று தெரிந்தது. அம்மாதான் காபி கொண்டுவந்தாள். அவர் சோபாவில் சாய்ந்து குடித்தார்.

"புதுக்கோட்டை வீடு சரிப்பட்டு வரல மாப்பிள. ரோட்டுல கல்லு ஏத்துற கிரஷர் லாரியாப் போகுது. தூண் போட்டும் அதிர்வு ஏறுது. புது மெஷினு அதையெல்லாம் காட்டிக் குடுத்துருது."

நான் எழுந்து விளக்கைப் போட்டேன்.

"போன வாரம் ஆவூருக்குப் போயிருந்தேன்."

"எங்க வீட்டுக்கா?"

"ஆமா. சும்மா வாசல்ல நின்னு செல்போன்ல சத்தத்தை அளந்து பாத்தேன். அப்படி ஒரு அமைதி. காக்கா கத்துறதோட சரி." அவர் நாக்கு உதட்டை நனைத்தது. "அத்தைக்கு இனி அங்க என்ன வேலை? வீட்டை நான் எடுத்துக்கிறேன். அத்தை இங்கயே இருக்கட்டும். செலினும் இங்க இருந்து பாத்துக்கட்டும். அங்க ஆளு நடமாட்டம் இருந்தா நான் போறதுக்கே அர்த்தம் இல்ல."

அக்கா அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் துணிப்பை இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அம்மா ஏதோ சொன்னாள். மச்சான் காதைச் சாய்த்தார். "என்ன அத்தை? ஒண்ணும் கேக்கல."

அம்மா திரும்பவும் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். வாசலில் இருந்து அக்கா சொன்னாள்:

"'அந்த வீட்டுல நான் பேசிக்கிட்டு இருப்பேன்'னு அம்மா சொல்றாங்க."

மச்சானுக்குப் புரியவில்லை. அம்மாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு டம்ளரில் மிச்சமிருந்த காபியை அண்ணாந்து குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுங்க மாப்பிள, அடுத்த மழைக்கு முன்னால தூண் எழுப்பணும்" என்று சொல்லி எழுந்தார். போகும்போது அக்காவின் கையிலிருந்த பையைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. கார் கிளம்பிப் போனது.

அக்கா பையைக் கீழே வைக்கவே இல்லை. அம்மாவின் செருப்பைத் தேடி எடுத்து அவள் காலடியில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, ஆவூருக்கு இப்ப பஸ் இருக்கா?" என்று கேட்டாள்.